தகடக்காவும் எட்டு வண்டிகளும்

மலையேறுகிற மோட்டார் சைக்கிளுக்கு அடியில் தகடு மாட்டுவது ஒரு பொம்பளை செய்கிற வேலையா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் பின்னாளில் உடைந்த இன்ஜினோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு தகடக்காவின் கொட்டகைக்கே வந்து நின்றார்கள். மீதிப் பேரிடம் வண்டி இல்லை, அதனால் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தகடக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வேண்டிய நேரத்தில் அது எங்கே என்று வீடு முழுக்கத் தேடவும் செய்வாள். புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை. அதன் பையில் சாக்பீஸ், இரும்பு அளவுகோல், எப்போதோ போட்டு மறந்த நாலு வாஷர். வீட்டின் முன்னறை அவள் வீட்டுக்காரருடையது. அவர் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். அவருடைய தையல் மிஷினைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்பக்கப் படியில் இறங்கினால் தகரக்கூரை போட்ட கொட்டகை. அது அவளுடைய ராஜ்யம்.

"மேல உக்கார்றது அவர் பொறுப்பு, கீழ அடிபடறது என் பொறுப்பு. எங்க குடும்பமே இப்படித்தான் ஓடுது" என்று வருகிறவர்களிடம் சொல்வாள்.

முன்னறையில் மிஷின் சத்தம் சட்டென்று நிற்கும். "இந்த வீட்டுல அடி வாங்கறது யாருன்னு வந்தவங்களுக்கே தெரியும், நீ சொல்லவே வேணாம்" என்று அவர் குரல் வரும். பிறகு மிஷின் மறுபடி ஓடும்.

முதலில் அவள் ஏர்கூலர் பெட்டி செய்கிற கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரிவில் இருந்தாள். பதினோரு வருஷம். கம்பெனியை மூடிய அன்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இவளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே நேராக மேனேஜர் அறைக்குப் போய், மூலையில் கிடந்த பழைய தகடு மடக்குகிற மிஷினை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். "இந்தத் துருப்பிடிச்ச சனியன் யாருக்கும்மா வேணும், எடுத்துட்டுப் போ" என்றார் அவர். அந்தச் சனியன்தான் இன்றைக்கு வரைக்கும் கொட்டகையின் நடுவில் உட்கார்ந்து சோறு போடுகிறது.

அதை வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மூடி, மாடிக் கதவு என்று ஏதேதோ செய்து கொண்டிருந்தாள். ஒரு நாள் சீட் கிழிந்துபோய் ஒருத்தர் வந்தார். கல்லும் முள்ளுமான காட்டுப் பாதையில் வண்டி விடுகிற ஆள். சீட்டைத் தைத்து வாங்கிக்கொண்டு அவர் கிளம்பும்போது, வண்டி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை எண்ணெய் சொட்டிக் கறுத்திருந்தது. யார் துடைப்பது? இவள்தான். துடைக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். இன்ஜினின் வயிற்றில் மயிரிழையாக ஒரு விரிசல். கல் அடித்தது.

"ஏங்க, உக்கார்ற இடத்துக்கு இவ்வளவு பஞ்சு வச்சுத் தைக்கறீங்க. கீழ பாருங்க, ஒரு துணிகூட இல்லாம அம்மணமா விட்டிருக்கீங்களே!" என்றாள் வீட்டுக்காரரிடம், படுத்தபடியே.

அந்த ஆளுக்குச் செய்ததுதான் முதல் தகடு. ஒரு பல் மருத்துவர் கழற்றிப் போட்ட பழைய விளம்பரப் பலகையை வெட்டி மடக்கிக் கொடுத்தாள். எழுத்தை அழிக்கவில்லை. ஒரு மாசம் அந்த மனிதர் வண்டியின் அடிவயிற்றில் 'பல்' என்ற எழுத்தோடு மலையெல்லாம் சுற்றினார். ஒரு மாசம்தான். மெல்லிய தகடு, அதையும் இன்ஜினோடு ஒட்டியே மாட்டியிருந்தாள். கல் பட்டுப் பட்டு அது இன்ஜினோடு அப்பளமாக அப்பிக்கொண்டது. தகடும் இன்ஜினும் ஒட்டி இருந்தால் தகட்டில் விழுகிற அடி இன்ஜினுக்கும் போகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. மறுநாள் நாலு மில்லிமீட்டர் அலுமினியம் வாங்கி வந்து மறுபடி ஆரம்பித்தாள்.

அதிலிருந்து பதினாறு வருஷம். இப்போது அவள் வேலையைப் பார்ப்பதே ஒரு காட்சி. வண்டியைப் பலகை மேல் ஏற்றி, முதலில் அட்டையை வெட்டி அடியில் பொருத்திப் பார்ப்பாள். இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே அவள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அட்டை குப்பைக்குப் போகும். இன்ஜினில் ஒரு ஓட்டை போட மாட்டாள், இன்ஜினின் போல்ட்டைத் தொட மாட்டாள். தகட்டைத் தாங்குகிற கிளாம்ப் எல்லாம் ஃபிரேமின் குழாயைத்தான் பிடித்திருக்கும். முன்விளிம்பு மேலே வளைந்து புகைக்குழாய்க்கும் அணை கொடுக்கும். போல்ட்டின் தலை தகட்டுக்குள் முங்கி இருக்கும், வெளியே துருத்தினால் முதல் கல்லே சீவிவிட்டுப் போய்விடும். பிறகு கை பிடிக்கிற இடத்துக்கு ஒரு தடுப்பு, ரேடியேட்டருக்கு ஒரு வலை, சங்கிலிக்கு ஒரு மறைப்பு.

எல்லாம் முடிந்ததும் ஒரு சாக்கை விரிப்பாள். வண்டிக்காரர், யாராக இருந்தாலும் சரி, அதில் மல்லாக்கப் படுத்து அடியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பேண்ட் போட்டு வந்த ஒருவர், "பரவால்லக்கா, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றார். "நம்பிக்கைய நீங்களே வச்சுக்கங்க, முதல்ல படுங்க" என்றாள். படுத்தார். படுக்காமல் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. ஜீப் ஏறாத குடியிருப்புகள் மலை மேல் இருக்கின்றன. அங்கே மருந்தும் ரத்தமும் கொண்டுபோக ஆஸ்பத்திரியில் எட்டு மோட்டார் சைக்கிள், எட்டு பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் தகடக்காவின் மாப்பிள்ளை. பேசினால் பல் கொட்டிவிடும் என்று பயந்தவர் மாதிரி இருப்பார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மாமியாரிடம் அவர் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். அவருக்கும் சேர்த்துத் தகடக்காவின் மகள் பேசிவிடுவாள் என்பது வேறு விஷயம். அது தாயைப் போலப் பிள்ளை.

ஒரு மழைக்காலத்தில் எட்டில் மூன்று வண்டிக்குக் கல் பட்டு இன்ஜின் உடைந்தது. ஆஸ்பத்திரியின் வண்டிகளுக்கெல்லாம் அதிகாரி ஒரு அம்மாள். கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட முகம். எல்லாருக்கும் அவர் மேடம். அவர் தகடக்காவைக் கூப்பிட்டு எட்டு வண்டிக்கும் அடித்தகடு போட்டுத் தரச் சொன்னார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தெருவே அகலம் போதவில்லை. "எட்டு வண்டி! உயிரைத் தூக்கிட்டுப் போற வண்டி! அதுல ஒண்ணு நம்ம மாப்பிள்ளையோடது!" என்று முன்னறையில் நின்று கத்தினாள். வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப ஒழுங்கா செய்யி" என்றார்.

ஒழுங்காகத்தான் செய்தாள். ஒழுங்குக்கு மேலேயே செய்தாள். வினையே அங்கேதான் வந்தது.

இன்ஜினின் அடியில் பழைய எண்ணெயை இறக்க ஒரு போல்ட் உண்டு. அதற்கு நேர்கீழே தகட்டில் எப்போதும் ஒரு ஓட்டை விடுவாள். பதினாறு வருஷமாக விட்டுக்கொண்டிருந்தாள். இந்த எட்டு வண்டிக்கு விடவில்லை. ஏனாம்? மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியாம். ஓட்டை வழியாக ஒரு கூர்க்கல் போல்ட்டைக் குத்திவிட்டால்? ஓடைத் தண்ணீர் ஏறிவிட்டால்? அடிப்பக்கம் முழுக்க மூடிவிட்டாள். அதோடு விட்டாளா? மலையில் தகடு அதிர்ந்து சத்தம் போட்டால் ஓட்டுகிறவருக்குத் தலைவலி வருமே என்று, சுண்டுவிரல் இடைவெளியில் வீட்டுக்காரரின் சீட் பஞ்சை வெட்டி அடைத்தாள். கப்சிப். ஒரு சின்னச் சத்தம் இல்லை. மாப்பிள்ளை சாக்கில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "நல்லா இருக்கு அத்தை" என்றார். மூன்று வார்த்தை! அவள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லி வீட்டுக்காரரின் காதைத் தேய்த்தாள்.

இரண்டு மாசம் எட்டு வண்டியும் குதிரையாக ஓடின. மூன்றாவது மாசம் ஒரு வியாழக்கிழமை, மேலே ஒரு குடியிருப்பில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை ரத்தப் பெட்டியோடு கிளம்பினார். பாதி மலையில் இன்ஜின் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. உள்ளே எண்ணெய் சொட்டுகூட இல்லாமல் இரும்பும் இரும்பும் கவ்விக்கொண்டுவிட்டன. அவர் வண்டியை அங்கேயே ஓரமாகச் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாக ஏறினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

ஆனால் மேடம் விடுகிற ஆள் இல்லை. சனிக்கிழமை காலை விசாரணை என்றார்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? ஒண்ணு, எண்ணெய் இருக்கான்னு பாக்காம வண்டிய எடுத்தது இவரு தப்பு. இல்லேன்னா தகடு தப்பு. இவரு தப்புன்னா வேலை போயிடும். தகடு தப்புன்னா எட்டையும் கழட்டிப் போட்டுடுவாங்க. எதும்மா தப்பு?"

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அவரு என்னிக்கு எதைச் சொன்னாரு?" என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

தகடக்காவுக்குக் கோபம் வந்தது. தன் தகடு தப்பு என்று சொல்ல எவனுக்கு வாய் வந்தது? பதினாறு வருஷத்தில் அவள் தகடு போட்டு ஒரு இன்ஜின் உடைந்ததாக யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! அந்தக் கோபத்தோடேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மலையிலிருந்து இறக்கி வந்த வண்டியைப் பின்பக்கக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். எட்டு வண்டியும் நிற்கிற அந்தச் சிமெண்டுத் தரை துடைத்த பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. வண்டிக்காரர்களுக்கு அங்கே ஒரு வழக்கம். காலையில் வண்டியை எடுத்ததும் முதலில் அது நின்ற தரையைப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கறை இருந்தால் வண்டி போகாது. கறை இல்லாவிட்டால் கிளம்பலாம். தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் அவர்கள் மலையேறினார்கள்.

அவள் கீழே படுத்து நாலு போல்ட்டையும் கழற்றினாள். தகடு கையோடு வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பஞ்சைப் பிடித்து அழுத்தினாள். பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரி எண்ணெய் அவள் மணிக்கட்டில் ஒழுகி, முழங்கை வரை ஓடி, புடவையில் இறங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போல்ட் வழியாக எண்ணெய் கசிந்திருக்கிறது. நாளுக்குப் பத்துச் சொட்டு, இருபது சொட்டு. பழைய தகடாக இருந்தால் ஓட்டை வழியாகத் தரையில் விழுந்து, 'என்னைப் பார்' என்று கத்தியிருக்கும். இவள் ஓட்டையை அடைத்தாள். பஞ்சை வைத்தாள். பஞ்சு மிச்சம் மீதியில்லாமல் குடித்துவிட்டது. மாப்பிள்ளை வியாழக்கிழமை காலையில் தரையைப் பார்த்திருப்பார், தரை சுத்தமாக இருந்திருக்கும், அவர் கிளம்பியிருப்பார்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாள். இதை யாரும் பார்க்கவில்லை. பஞ்சை உருவி முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனால் கேட்க ஆளில்லை, தகடு தப்பித்துவிடும். அந்த நினைப்பு வந்தது உண்மை. வந்த வேகத்தில் அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது. பஞ்சைத் தகட்டிலேயே வைத்து, ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை மேடத்தின் அறையில் மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி மெக்கானிக், மற்ற ஏழு வண்டிக்காரர்கள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். தகடக்கா உள்ளே போய், யாரும் கேட்பதற்கு முன்பே சாக்கைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். மேடத்தின் மேசை விரிப்பில் எண்ணெய் பரவியது.

"மேடம், தப்பு என்னோடது. எண்ணெய் கசிஞ்சிருக்கு. ஓட்டை விட்டிருந்தா கீழ சொட்டி இவங்க கண்ணுல பட்டிருக்கும். நான் அடைச்சுட்டேன், பஞ்சும் வச்சேன். மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

மேடம் அவளையே பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"உங்க மாப்பிள்ளை நேத்தே எழுதிக் கொடுத்திட்டார். தப்பு முழுக்க அவரோடதாம். இன்ஜின் பக்கவாட்டுல எண்ணெய் அளவு தெரியற கண்ணாடி இருக்கு, சேறு படிஞ்சிருந்துது, துடைச்சுப் பாக்கலை, தகட்டுக்கு இதுல சம்பந்தமே இல்லைன்னு எழுதியிருக்கார்."

தகடக்கா திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருஷம் பேசாத மனுஷன் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்!

"அவர் சொல்றது பொய் மேடம்!" என்று கத்தினாள்.

"அத்தை, நீங்க சும்மா இருங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை! தகடு யார் செஞ்சது?"

"வண்டி யார் ஓட்டினது?"

அப்போது சுவரோரம் ஒரு இருமல் கேட்டது. மெக்கானிக். முகம் வேர்த்திருந்தது. "மேடம்... போன தடவை எண்ணெய் மாத்தும்போது அந்த போல்ட்டுக்கு அடியில போடற புது வாஷர் கையில இல்ல. நசுங்கின பழைய வாஷரையே போட்டு முறுக்கிட்டேன். அதுலதான் கசிஞ்சிருக்கும்" என்றார்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இன்னும் யாராவது இருக்கீங்களா? வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா?" என்றார். ஏழு வண்டிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல தப்பு என்னோடது இல்லைன்னு சண்டை போட்டவங்களத்தான் பாத்திருக்கேன். என்னோடதுதான்னு சண்டை போடற குடும்பத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். வேலை யாருக்கும் போகாது. ஆனா தகடு எட்டையும் கழட்டிடுங்க."

தகடக்கா மேசை மேலிருந்த தகட்டைப் பிடித்துக்கொண்டாள். பெயர் போவது இருக்கட்டும். தகடு இல்லாமல் இந்த எட்டுப் பேரும் அந்தக் கல்லில் ஏறுவார்கள். அடுத்த மழைக்கு எந்த இன்ஜின், எந்த வளைவில்?

"என்னைத் திட்டுங்க மேடம், எவ்வளவு வேணா திட்டுங்க. கழட்ட மட்டும் சொல்லாதீங்க. ஒரு நாள் கொடுங்க. ஓட்டை விட்டு, பஞ்சை எடுத்துட்டு, சரி பண்ணித் தர்றேன்."

"சரி பண்ணிட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"படுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது.

மேடம் கோபிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். "நான் படுத்துப் பார்த்து எனக்கு என்னம்மா தெரியும்? நீங்க செஞ்ச தகட்டு மேல நீங்க உக்காந்து மலையேறுவீங்களா? திங்கக்கிழமை மேல மருந்து போகணும். உங்க மாப்பிள்ளைக்குப் பின்னாடி நீங்க போங்க. மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துதுன்னா பாக்கலாம்."

வெளியே யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. பதினாறு வருஷத்தில் அறுநூறு வண்டிக்குத் தகடு போட்ட தகடக்கா, ஒரே ஒரு தடவைகூடக் கல்பாதையில் வண்டி ஏறியதில்லை. பயம். கடைத்தெருவுக்கு வீட்டுக்காரர் வண்டியில் போனாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தகடக்காவின் கொட்டகையில் வேலை. இரவல் வாங்கிய இன்ஜினைப் பொருத்தி வண்டியைத் தயார் செய்தார் மெக்கானிக். இந்தத் தடவை புது வாஷரைப் போடுவதற்கு முன் எல்லாரிடமும் காட்டிவிட்டுப் போட்டார். தகடக்கா எண்ணெய் போல்ட்டுக்கு நேர்கீழே நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓட்டை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து, நாக்கு மாதிரி ஒரு சின்ன மடிப்பை முன்னால் விட்டாள். முன்பக்கமிருந்து வருகிற கல் அந்த மடிப்பில் முட்டி விலகிவிடும், உள்ளே குத்தாது. சத்தம் வராமலிருக்கப் பஞ்சுக்குப் பதில் கிளாம்புக்கு அடியில் ரப்பர் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரு கரண்டி எண்ணெயைத் தகட்டின் மேல்பக்கம் ஊற்றிவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்துக் காத்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று காகிதத்தில் சொட்டியது. வீட்டுக்காரர் முன்னறையிலிருந்து எழுந்து வந்து அதைப் பார்த்தார். "நாளைக்கு நான் வேணா போகட்டுமா?" என்றார் மெதுவாக. "தகடு நீங்களா செஞ்சீங்க?" என்று சிடுசிடுத்தாள். அவர் உள்ளே போய், அவள் உட்காரப்போகும் இடத்துக்கு இன்னொரு அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொண்டுவந்து மாட்டினார். அவளுக்குக் கண் கலங்கியது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு வெல்டிங்கே இல்லை.

திங்கள் காலை மருந்துப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மேடம் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். மகள் கை அசைத்தாள்.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை வந்தது. மண்பாதை முடிந்து கல். "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "மெதுவா போனா ஏறாது அத்தை" என்றார் அவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த கடவுளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். தெரிந்தவர்கள் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு வளைவில் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு பாறை விளிம்பில் ஏறியது. ஏறி இறங்கும்போது அடியில் டங்கென்று ஒரு அடி விழுந்தது. கோயில் மணியைத் தரையோடு வைத்து அடித்த மாதிரி. அந்த அதிர்ச்சி அவள் உள்ளங்காலில் ஏறி, முழங்காலைத் தாண்டி, இடுப்பில் வந்து நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வண்டி நிற்கவில்லை. இன்ஜின் அதே குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல அத்தை. தகட்டுல பட்டுது. இது தினம் படும்" என்றார் மாப்பிள்ளை.

அவள் கண்ணைத் திறந்தாள். அறுநூறு தகடு செய்திருக்கிறாள். நசுங்கி, கீறி, குழி விழுந்து திரும்பி வந்த தகடுகளை மடியில் போட்டுத் தட்டி நேராக்கியிருக்கிறாள். ஆனால் அந்த அடி விழுகிற நேரத்தில் அவள் ஒரு தடவையும் அங்கே இருந்ததில்லை. தன் தகடு அடி வாங்குகிற சத்தத்தை இன்றைக்குத்தான் காதால் கேட்டாள். பாறை அடித்தது, அது வாங்கிக்கொண்டது, மேலே இருந்த இரண்டு பேரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பயம் எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்திருந்த கையில் ஒன்றை எடுத்துவிட்டு முதுகிலிருந்த பெட்டியைச் சரி செய்துகொண்டாள்.

மேலே குடியிருப்பின் சின்ன வைத்தியசாலையில் ஒரு நர்ஸ் காத்திருந்தார். பெட்டியை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, மணி பார்த்து எழுதிக்கொண்டார். "இந்தம்மா யாரு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

தகடக்கா தானே பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாப்பிள்ளை பேசிவிட்டார்.

"எங்க அத்தை. எங்க எட்டு வண்டிக்கும் அடியில இருக்கற தகடு இவங்க செஞ்சது. போன வருஷம் மூணு தடவை இந்த வழியில இன்ஜின் உடைஞ்சு மருந்து வராம நின்னுதே, ஞாபகம் இருக்கா? இவங்க தகடு போட்டதுக்கப்புறம் கல்லு பட்டு ஒரு வண்டியும் நிக்கல. கீழ எல்லாரும் தகடக்கான்னு சொல்வாங்க. கேட்டுப் பாருங்க, தெரியாத ஆளே கிடையாது."

இத்தனை வார்த்தையா! தகடக்கா வாயைத் திறந்தபடியே நின்றாள். பெருமையில் முகம் சூடாகி, என்ன செய்வது என்று தெரியாமல் காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டுக் கழற்றினாள், கழற்றிப் போட்டாள். நர்ஸ் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்கதானா அது?" என்றார்.

மருந்து வந்து சேர்ந்தது என்று நர்ஸ் கீழே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். மறுமுனையில் மேடத்தின் குரல் கறாராகக் கேட்டது. நர்ஸ் போனை வைத்துவிட்டு, "மீதி ஏழு வண்டிக்கும் அதே மாதிரி ஓட்டை போடணுமாம். நாளைக்குக் காலையிலயே வரச் சொல்றாங்க" என்றார்.

தகடக்கா தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்து வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்த்தாள். நடுவில் நெல்மணி ஆழத்துக்குப் புதுக் குழி, அதற்கு மேலே இன்ஜின் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, வந்தபோது ஏறியதைவிட வேகமாக ஏறி மாப்பிள்ளையின் பின்னால் உட்கார்ந்தாள்.

இறக்கத்தில் அந்த வளைவு வந்தது. மாப்பிள்ளை பாறை விளிம்பைப் பார்த்துவிட்டு, மாமியார் பயப்படுவாரே என்று வண்டியை மெதுவாக ஓரமாக ஒதுக்கினார்.

"ஏன் மாப்பிள்ளை ஒதுக்கறீங்க? அந்தக் கல்லு மேலயே விடுங்க" என்றாள் தகடக்கா. "இன்னொரு தடவை கேக்கணும்."